வார்டுக்கு அனுப்பும் முன் மாணவிகளுக்கு எந்தப் படத்தைக் காட்டுவது?

நர்சிங் கல்லூரியில் மனநலப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூன்றாம் ஆண்டு மாணவிகளை மனநல வார்டுக்கு அனுப்பும் முன் இரண்டு மூன்று படங்களைப் போட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறேன். அந்நியன், சந்திரமுகி, 3 என்று அவர்களே பட்டியல் தருகிறார்கள். இவற்றை வைத்துப் பாடம் நடத்துவது சரியா? எப்படி நடத்துவது?"

தாராளமாகக் காட்டலாம். பல வருடங்களாக நானும் மாணவர்களுக்குப் படம் காட்டித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். ஆனால் படத்திடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். நோயின் அறிகுறிகளைக் கற்றுக்கொள்ள நம் படங்கள் பெரும்பாலும் உதவாது, பல நேரம் தவறாகவே காட்டும். ஒரு வீட்டில் மனநோய் வந்தால் அங்கே என்ன நடக்கிறது, யார் மறைக்கிறார்கள், யார் உடைந்துபோகிறார்கள், ஊர் என்ன பேசுகிறது என்பதையெல்லாம் பாடப்புத்தகத்தைவிடச் சினிமா நன்றாகச் சொல்லித்தரும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால், எந்தப் படத்தில் எந்தக் காட்சி என்று தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிடும்.

படம் எதையும் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, 'மனநோயாளி என்றதும் உங்கள் கண்முன் வரும் காட்சியை எழுதுங்கள்' என்று கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம். சங்கிலி, ஷாக், கலைந்த தலை, தனியாகச் சிரிப்பது, கையில் கத்தி, கீழ்ப்பாக்கம். அநேகமாக இவைதான் வரும். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஒரு மனநல வார்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அத்தனையும் நகைச்சுவைக் காட்சிகளும் சைக்கோ வில்லன்களும் சொல்லிக்கொடுத்தது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது, இந்தியாவின் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. சினிமாவில் அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவாகிவிட்டது. ஒரு குடும்பம் தன் பிள்ளையை அங்கே கூட்டிப்போக ஏன் தயங்குகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தீவிர மனநோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். மருத்துவர்கள் குறைவு, மருத்துவமனை தூரம் என்று காரணங்கள் பல. வெட்கமும் அந்தப் பட்டியலில் உண்டு. இதை மாணவிகள் தாங்கள் எழுதிய தாளிலேயே பார்க்கட்டும்.

இப்போது அறிகுறிகளுக்கு வருவோம். மனச்சிதைவு (சிசோஃப்ரினியா) வார்டில் முதல் நாள் போன மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "இவர் கோபப்படவே இல்லையே மேடம், சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு எப்படி சிசோஃப்ரினியா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அவர் கட்டிலின் ஓரத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். டீ வந்ததும் வாங்கிக் குடித்தார். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வீட்டில் அவரைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த அமைதி, இந்த ஆர்வமின்மை, குளிக்கக்கூடத் தோன்றாத நிலை, இதுதான் பல பேருக்கு நோயின் பெரும்பகுதி. குரல் கேட்பதும் சந்தேகமும் மாத்திரையில் ஓரளவு அடங்கிவிடும். இது அவ்வளவு சீக்கிரம் அடங்காது. இப்படி ஒருவரை இரண்டரை மணி நேரம் திரையில் காட்டினால் தியேட்டரில் யாரும் உட்கார மாட்டார்கள், அதனால் சினிமா அவரைக் காட்டுவதே இல்லை. எந்தப் படத்தைப் போட்டாலும், முடிந்ததும் 'இதில் காட்டாமல் விட்டது என்ன?' என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அந்நியனும் (2005) சந்திரமுகியும் (2005) மாணவிகளுக்கு ரொம்பப் பிடித்த படங்கள் என்பதால் அவற்றை ஒதுக்க முடியாது. ஆனால் அவற்றை நோய்ப் பாடமாக எடுக்காதீர்கள். ஒரே ஆளுக்குள் பல ஆட்கள் என்பது மனச்சிதைவு இல்லை. அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது, மிக அரிதாகவே பார்க்கிறோம், அதன் இயல்பைப் பற்றி மனநல மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. படம் பார்த்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, 'சிசோஃப்ரினியா என்றால் ஸ்ப்ளிட் பர்சனாலிட்டிதானே' என்று தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். இதை முதல் வகுப்பிலேயே திருத்திவிட வேண்டும்.

சந்திரமுகியில் எனக்குப் பயன்படுவது வேறு. அந்த வீட்டில் மந்திரவாதியும் மனநல மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். அந்தப் படத்தின் மூலமான மலையாள மணிச்சித்ரத்தாழிலும் (1993) அப்படித்தான். நம் ஊரில் இது நிஜம். ஓ.பி.க்கு வரும் குடும்பங்களில் பலர் கோயிலுக்கோ தர்காவுக்கோ போய்விட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள், நம்மிடம் வந்த பிறகும் அங்கே போவதை விடுவதில்லை. நோயாளியின் கையில் கட்டியிருக்கும் கயிற்றைப் பார்த்து முகம் சுளிக்கும் நர்ஸிடம் அந்தத் தாய் அப்புறம் எதையும் மனம்விட்டுச் சொல்ல மாட்டாள். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் மையம் செயல்படுவது இதைப் புரிந்துகொண்டதால்தான். அதே படத்தில் மருத்துவர் தன் நண்பனின் மனைவிக்கு அவளுக்கே தெரியாமல் வைத்தியம் பார்க்கிறார். ஒரே ராத்திரியில் ஒரு நாடகம் நடத்தி நோயைத் தீர்க்கிறார். ஒப்புதல், ரகசியம் காப்பது, தொடர் சிகிச்சை மூன்றையும் சொல்லித்தர இந்த இரண்டு சறுக்கல்களே போதும்.

அறிகுறிக்கென்றே ஒரு படம் வேண்டுமென்றால் ஜான் நாஷின் வாழ்க்கையை வைத்து எடுத்த 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001). நாஷ் 1994-இல் பொருளாதார நோபல் பெற்ற கணிதமேதை, மனச்சிதைவோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். படத்தின் முதல் பாதியில் அவருடைய அறை நண்பன் சார்லஸை நாமும் நிஜம் என்றே நம்புகிறோம். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று தெரியவரும்போது வகுப்பே ஒரு கணம் அதிரும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். 'உங்களிடம் இவ்வளவு நேரம் யாராவது வந்து, சார்லஸ் பொய் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா?' என்று கேளுங்கள். நோயாளியிடம் வாதாடி அவருடைய நம்பிக்கையை மாற்ற முடியாது என்று நான் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட இந்த ஒரு கேள்வி ஆழமாக இறங்குகிறது.

இந்தப் படத்திலும் திருத்த வேண்டியவை உண்டு. நிஜ நாஷுக்கு இருந்தது பெரும்பாலும் காதில் கேட்ட குரல்களும் அசைக்க முடியாத தவறான நம்பிக்கைகளும்தான். கண்ணுக்குத் தெரிந்த ஆட்கள் படத்துக்காகச் சேர்த்தது. பொதுவாகவும் மனச்சிதைவில் குரல் கேட்பதுதான் அதிகம். இன்னொன்று, படத்தின் கடைசியில் நாஷ் புதிய மருந்துகளை எடுத்துக்கொள்வதாக ஒரு வசனம் வருகிறது. நிஜத்தில் அவர் 1970-க்குப் பிறகு மருந்து எடுக்கவில்லை. படம் பார்ப்பவர்கள் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்ற அக்கறையில் அந்த வசனத்தைச் சேர்த்தார்கள். அக்கறை சரிதான், ஆனாலும் மாணவிகளுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாஷ் மாதிரி மருந்தில்லாமல் தேறியவர்கள் உண்டு, அப்படி யார் தேறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல நமக்கு வழியில்லை, நிறுத்தியவர்களில் நிறையப் பேருக்கு நோய் திரும்பி வருகிறது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அதே படத்தில் மாத்திரையை நிறுத்தும் பகுதியைத் தவறாமல் காட்டுங்கள். மருந்து சாப்பிட்ட நாஷால் கணக்குப் போட முடியவில்லை, மனைவியோடு நெருங்க முடியவில்லை, அழும் குழந்தையைத் தூக்கத் தோன்றவில்லை. மாத்திரையை விழுங்காமல் மேஜை டிராயருக்குள் சேர்க்கத் தொடங்குகிறார். நோய் திரும்புகிறது, குழந்தையின் உயிருக்கே ஆபத்து வருகிறது. மாணவிகளிடம், "அவர் ஏன் நிறுத்தினார்? அவருடைய இடத்திலிருந்து எழுதுங்கள்" என்று கேட்டால், வார்டில் 'ஒழுங்கா மாத்திரை சாப்பிட மாட்டீங்களா' என்று அதட்டும் பழக்கம் குறைகிறது. கை நடுக்கம், எச்சில் ஒழுகுவது, உடம்பு பெருப்பது, பகலெல்லாம் தூக்கம். இவற்றில் எது தொந்தரவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரிடம் சொல்வது நர்ஸின் வேலை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது.

3 (2012) படத்துக்கு வருகிறேன். பைபோலார் (மனம் ஒரு கட்டத்தில் அளவுமீறி எழுவதும் இன்னொரு கட்டத்தில் சோர்ந்துவிழுவதுமான நோய்) என்ற சொல் தமிழ்நாட்டில் கல்லூரிப் பிள்ளைகள் வாயில் புழங்க ஆரம்பித்ததில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் காட்டும் அறிகுறிகளை வைத்துப் பைபோலாரை யாரும் கற்க முடியாது. பைபோலாரின் எழுச்சிக் கட்டத்தில் பலரிடம் நாம் பார்ப்பது வேறு: இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று சுறுசுறுப்பாக அலைவது, நிறுத்தாமல் பேசுவது, தேவையில்லாமல் கடன் வாங்கிச் செலவு செய்வது, பெரிய பெரிய திட்டம் போடுவது. படத்தில் பயமுறுத்தும் உருவங்களும் வன்முறையும்தான் முன்னால் நிற்கின்றன. நோய் கடுமையானால் இல்லாதது தெரிவதும் கேட்பதும் நடக்கக்கூடியதே, ஆனால் நோய் என்றாலே அதுதான் என்று பதிந்துவிடுகிறது.

அப்படியிருந்தும் இந்தப் படத்தை நான் விட மாட்டேன். காரணம், ராமும் அவன் நண்பன் செந்திலும் நோயை மனைவி ஜனனியிடமிருந்து மறைக்கும் பகுதி. மறைப்பது பாசத்தால்தான். அவளுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள், விட்டுவிடுவாள் என்ற அச்சம். நம்மிடம் வரும் குடும்பங்களில் பாதிக் கதை இதுதான். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துவைத்த பெண், மாத்திரையை வைட்டமின் என்று சொல்லி ஒளித்துச் சாப்பிடும் கணவன், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நம்பிய பெற்றோர். செந்தில் மட்டும் தெரிந்துவைத்திருக்கும் காட்சியைப் போட்டுவிட்டு, "இந்த நண்பன் உங்களிடம் வந்து, யாரிடமும் சொல்லாதீங்க சிஸ்டர் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு பேரை எழுப்பி நடித்துக் காட்டச் சொல்லுங்கள். மற்ற எல்லாப் பயிற்சிகளையும்விட எனக்கு இதில்தான் நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

படத்தின் கடைசியில் வரும் தற்கொலைக் காட்சியைக் காட்டவே காட்டாதீர்கள். முன்பே பார்த்திருப்பார்கள் என்பது காரணமாகாது. '13 ரீசன்ஸ் வொய்' தொடரில் 2017-இல் விலாவாரியாகக் காட்டிய தற்கொலைக் காட்சியை, மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்த பிறகு 2019-இல் நெட்ஃபிளிக்ஸே நீக்கிவிட்டது. எப்படிச் செய்தார் என்ற விவரம் பார்ப்பவர்களில் பலவீனமான மனநிலையில் இருப்பவரைத் தாக்கும் என்பதில் இந்தத் துறையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வகுப்பில் அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்பது உங்களுக்குத் தெரியாது.

ஊர் எப்படி ஒருவரைப் பைத்தியமாக்குகிறது என்பதற்கு மலையாளத்தில் 'தனியாவர்த்தனம்' (1987) போல இன்னொரு படம் எனக்குத் தெரியாது. லோகிததாஸ் எழுத, சிபி மலயில் இயக்கி, மம்மூட்டி நடித்தது. பாலன் மாஷ் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். தலைமுறைக்கு ஒரு ஆணுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று பெயரெடுத்த குடும்பம். சங்கிலியில் கிடந்த மாமா இறந்ததும் அடுத்தது இவர்தான் என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. அப்புறம் அவர் கோபப்பட்டால் அறிகுறி, பயந்தால் அறிகுறி, பேசாமல் இருந்தால் அதுவும் அறிகுறி. இந்தப் படத்தை மட்டும் ஏறக்குறைய முழுதாகக் காட்டுவேன், இரண்டு வகுப்பாகப் பிரித்து. முடிவு மிகக் கொடூரமானது, தாயே மகனுக்கு விஷம் கலந்த சோற்றை ஊட்டுகிறாள். அதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட்டு, மீதியை வாயால் சொல்லிவிடுவது என் வழக்கம். பிறகு மாணவிகளிடம் ஒரு கேஸ் ஷீட்டைக் கொடுத்து, 'இதில் எதெல்லாம் நோயின் அறிகுறி, எதெல்லாம் நோயாளி என்ற பெயர் வந்த பிறகு நாம் சேர்த்து எழுதியது' என்று அடிக்கோடு போடச் சொல்லுங்கள். வார்டில் ஒருவர் 'எனக்கு இந்தச் சாப்பாடு பிடிக்கவில்லை' என்று தட்டைத் தள்ளினால், 'முரண்டு பிடிக்கிறார்' என்று எழுதுகிறோமே, அது எங்கிருந்து வருகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சங்கிலி என்றதும் சேது (1999). சேதுவுக்கு வந்தது மனச்சிதைவு இல்லை, தலையில் பட்ட அடி. மூளைக் காயத்தால் வரும் நடத்தை மாற்றத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்ல இது வசதியான உதாரணம். ஆனால் அந்தப் படத்தின் கனம், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைக்கும் பாண்டி மடத்தில் இருக்கிறது. மனம் தெளிந்த பிறகும் அதை அங்கே யாரையும் நம்பவைக்க முடியாமல் அவன் தவிக்கிறான். படம் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2001 ஆகஸ்ட் 6 அன்று விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொல்கிறது. சேதுவின் மடக் காட்சி, ஏர்வாடி, சட்டத்தின் 95-ஆம் பிரிவு என்ற வரிசையில் எடுத்தால் சட்டப் பாடம் மனப்பாடமாக இல்லாமல் மனதில் நிற்கும்.

ஷாக் பற்றி ஒரு வகுப்பு கட்டாயம் தேவை. 'கரண்ட் ஷாக் வெச்சிருவாங்களா?' என்று கேட்காத குடும்பம் குறைவு. அந்தப் பயத்தை உலகம் முழுக்கப் பரப்பிய படம் 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' (1975). முக்கியமான ஐந்து ஆஸ்கர்களையும் வாங்கியது. ஓரிகன் மாநில மருத்துவமனையிலேயே படமாக்கினார்கள், அங்கே கண்காணிப்பாளராக இருந்த மனநல மருத்துவர் டீன் புரூக்ஸே படத்தில் டாக்டராக நடித்தார். அதில் மயக்க மருந்து இல்லாமல், அடங்காதவனுக்குத் தண்டனையாக ஷாக் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்து மருத்துவமனைகள் மீதான அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு, அதை மாணவிகளிடம் மறைக்க வேண்டாம். இன்று நடப்பது வேறு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, ஆக்சிஜன் வைத்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வலிப்பை உண்டாக்குகிறார்கள். மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதை மேலே சொன்ன அதே 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. உயிரை விட்டுவிடும் அளவுக்கு மனச்சோர்வில் இருப்பவருக்கு இது சில வாரங்களில் தரும் பலனை மாத்திரையால் பல நேரம் தர முடிவதில்லை. சிகிச்சை நடந்த நாட்களை ஒட்டிய சில நினைவுகள் மறந்துபோவது நிஜமான பக்கவிளைவு. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இவ்வளவு கனமான காட்சிகளுக்கு நடுவில் 'கும்பளங்கி நைட்ஸ்' (2019) எனக்குப் பெரிய ஆறுதல். சௌபின் ஷாஹிர் நடித்த சஜி, மனம் தன் கைமீறிப் போகிறது, அழக்கூட முடியவில்லை, ஒரு டாக்டரிடம் கூட்டிப்போ என்று தன் தம்பியிடம் கேட்கிறான். டாக்டர் அறையில் அவர் மார்பில் சாய்ந்து அழுகிறான். கதை அதோடு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. நோயின் பெயர் இல்லை, மருத்துவமனையை வைத்துப் பயமுறுத்துவதில்லை, காய்ச்சலுக்குப் போவது மாதிரி போய்வருகிறான். சம்பாதிக்கும் வயதில் இருக்கும் ஒரு ஆண் தானாக உதவி கேட்கும் காட்சி நம் தென்னிந்தியப் படங்களில் அரிது. வார்டுக்குப் போவதற்கு முந்தின நாள் இதைப் போடுங்கள்.

இனி வகுப்பு நடத்தும் முறை. தனியாவர்த்தனம் தவிர மற்றவற்றில் முழுப்படம் வேண்டாம், எட்டுப் பத்து நிமிடக் காட்சி போதும். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். பின்னணி இசை இருந்தால் 'இவன் ஆபத்தானவன்' என்று இசையே முடிவு செய்துவிடும். சத்தமில்லாமல் பார்க்கும்போது உடை, பார்வை, கை அசைவு, யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் கவனிப்பார்கள். மனநிலைப் பரிசோதனைப் படிவத்தில் தோற்றத்தையும் நடத்தையையும் எழுதும் முதல் பகுதி அங்கேயே நிரம்பிவிடும். இரண்டாம் தடவை சத்தத்தோடு. அப்போது பேச்சு, எண்ணம், உணர்ச்சி. நோயின் பெயரை யாரும் வாயெடுக்கக் கூடாது என்று கடைசிக் கால்மணி நேரம் வரை தடை போடுங்கள். 'பைபோலார் மேடம்' என்று ஒருத்தி சொல்லிவிட்டால் மற்றவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

தொடங்கும் முன்னால், 'இந்தக் காட்சியில் இன்னது வரும், யாருக்காவது பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் வெளியே போகலாம், வருகைப்பதிவு குறையாது' என்று சொல்லிவிடுங்கள். எந்த வகுப்பிலும் வீட்டில் இதை அனுபவித்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். முடிந்த பிறகு பத்து நிமிடம் அறையிலேயே இருங்கள், யாராவது வந்து நிற்பார்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416-ஐப் பலகையில் எழுதிவைத்துவிடுங்கள்.

சில படங்களை மாணவிகள் தவறான தலைப்பில் கொண்டுவருவார்கள். தெய்வத்திருமகள் (2011) அறிவுசார் குறைபாடு, ஹரிதாஸ் (2013) ஆட்டிசம். இரண்டும் மனநோய் இல்லை, வகுப்பில் வேறு இடத்தில் பயன்படும். மூன்றாம் பிறையில் (1982) தலையில் அடிபட்ட இளம்பெண் குழந்தையாகிவிடுவதும் ஒரு வைத்தியரிடம் போனதும் குணமாவதும் மருத்துவ உண்மை இல்லை. ஆனால் கடைசி ரயில் நிலையக் காட்சியை டிமென்ஷியா (மறதிநோய்) பாடத்தில் நான் போடுவதுண்டு. இத்தனை நாள் பார்த்துக்கொண்டவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தன் பெயர் மறந்துபோன மகளின் நிலைமையைப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. ஓ காதல் கண்மணியில் (2015) பிரகாஷ்ராஜ் தன் மனைவியைப் பார்த்துக்கொள்ளும் காட்சிகளையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

வார்டுப் பணி முடிந்து திரும்பியதும் ஒரு மதியம் ஒதுக்கி, குணமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவரையும் முடிந்தால் அவர் வீட்டாரில் ஒருவரையும் அழைத்துப் பேசவையுங்கள். சென்னையில் ஸ்கார்ஃப், பான்யன் மாதிரியான மனநலத் தொண்டு அமைப்புகளிடம் கேட்டுப்பார்க்கலாம், உங்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடமும் கேட்கலாம். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை வருபவரே முடிவு செய்யட்டும். போன் கேமரா எதுவும் கூடாது என்று மாணவிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார், அதனால் பஸ் செலவோடு அந்தக் கூலியையும் கல்லூரிக் கணக்கிலிருந்து கொடுக்க முதல்வரிடம் இப்போதே அனுமதி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.